வெளியே உட்காரச் சொன்னார்கள்

போன வாரம் அவளை மருத்துவமனை வராந்தாவில், நாற்காலியின் விளிம்பில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி விட்டுவிட்டு வந்தோம். உள்ளே அறுவை சிகிச்சை டாக்டரும் அவளுடைய கணவரும் அவளுடைய அக்காவும். வெளியே அவள். பேச்சு என்னவோ அவளுடைய மார்பைப் பற்றித்தான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சண்டை என்று வாசனை வந்தாலே நாலடி தள்ளிப்போய் நிற்கும் மனிதர். அக்கா ஒரு பள்ளியில் உதவித் தலைமையாசிரியை. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் டீச்சரைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதிலிருந்து கல்யாணம் செய்து கொடுத்தது வரை எல்லாம் அக்காதான். அதனால் இரண்டு வீட்டிலும் கடைசி வார்த்தை அவளுடையது.

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியிலிருந்து ஊசி போட்டுத் தசை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று, "நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்கம்மா, பெரியவங்ககிட்ட பேசிடறேன்" என்றார் டாக்டர். டீச்சருக்கு வயது நாற்பத்து மூன்று. அவள் எப்போது பெரியவள் ஆவாள் என்று யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்த அக்கா முடிவை மட்டும் சொன்னாள். "கட்டி கொஞ்சம் மோசமான கட்டிதான். எடுத்துட்டா சரியாயிடுமாம். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். நீ எதையும் மனசுல போட்டுக் குழப்பிக்காதே, பாப்பா."

புற்றுநோய் என்ற வார்த்தையை அவளிடம் முதலில் சொன்னது அக்கா இல்லை, டாக்டரும் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த, தலையெல்லாம் சுருள்சுருளாக முடி வைத்திருந்த ஒரு பெண். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து போகும்போது குனிந்து சொன்னாள்: "உங்களுக்கு வந்திருக்கிறது மார்பகப் புற்றுநோய். எனக்கும் அதேதான் வந்துது. சனிக்கிழமை காலைல நூலகத்து மாடிக்கு வாங்க. நம்மள மாதிரி கொஞ்சம் பேர் அங்க கூடுவோம்."

இன்றைக்குச் சனிக்கிழமை.

* * *

காலை வகுப்பில் ஒரு பல் டாக்டர் அம்மா. அடுத்தவர் வாய்க்குள் துளை போடக் கை நடுங்காதவருக்கு, மேட்டில் வண்டியை நிறுத்தி எடுப்பதென்றால் உடம்பெல்லாம் உதறும். இன்றும் சிக்னல் விழுந்ததும் கிளட்ச்சைச் சட்டென்று விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னாலிருந்து ஹாரன்கள்.

"டீச்சர், நீங்களே எடுத்துடுங்களேன். எனக்குக் கை கால் ஓடலை."

"நான் எடுத்தா நீங்க எப்ப எடுக்கிறது? பின்னாடி கத்தறவங்க கத்தட்டும். மொதல்ல கண்ணாடியப் பாருங்க. என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா பயம் பாதி போயிடும்."

சொல்லி முடித்ததும் டீச்சருக்கு வாய் கசந்தது. ஊருக்கெல்லாம் சொல்லும் இந்தப் பேச்சில் ஒரு வரியைக்கூட இந்த வாரம் அவள் தன் வீட்டில் வாய் திறந்து சொல்லவில்லை.

வகுப்பு முடிந்து பல் டாக்டரை இறக்கிவிட்டபோது கணவரின் அழைப்பு வந்தது.

"நேரா வீட்டுக்குப் போயிடும்மா. அக்கா உன்னை ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க."

"இன்னொரு வகுப்பு இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டு, வண்டியை நூலகத்துப் பக்கம் திருப்பினாள்.

* * *

மாடி அறை சிறியது. நடுவில் வலை கழற்றிய டேபிள் டென்னிஸ் மேசை. அதைச் சுற்றி மடக்கு நாற்காலிகள். ஒரு ஓரத்தில் தண்ணீர்க் கொதிகலன் பொருமிக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தி தலையில் துணி கட்டியிருந்தாள். இன்னொருத்தி கையில், வீக்கம் இறங்க, தோள் வரைக்கும் இறுக்கமான உறை போட்டுக்கொண்டு அந்தக் கையாலேயே பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அழுகைக்கும் அனுதாபத்துக்கும் தயாராக வந்திருந்த டீச்சரைப் பார்த்துச் சுருள்முடிக்காரி கேட்ட முதல் கேள்வி, "வண்டிய எங்க நிறுத்தினீங்க? பின்பக்கமா? எடுத்துடுங்க, அங்க தண்ணி லாரி வரும்."

வண்டியை மாற்றி நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒருவரும் அய்யோ பாவம் என்று பார்க்கவில்லை. அதற்கே அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

சுருள்முடிக்காரி நீச்சல் பயிற்சியாளர். "இந்த முடி என்னோடது இல்லை, அதாவது என்னோடதுதான்" என்று தலையைக் கோதிக்கொண்டாள். "முன்னாடி கோல் மாதிரி நேரா இருக்கும். மருந்து ஏத்தினதுல கொட்டி, திரும்பி வரும்போது இப்படி வந்துது. என் வீட்டுக்காரர், புதுப் பொண்டாட்டி கிடைச்சுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறார்."

எல்லோரும் சிரித்தார்கள். பலமுறை கேட்ட நகைச்சுவைதான் என்பது சிரிப்பிலேயே தெரிந்தது.

"சரி, உங்களுக்கு எந்த வகை?" என்று கேட்டார் எதிரே இருந்த ஒரு வயதான அம்மாள். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். இங்கே எல்லோருக்கும் கணக்கு மிஸ்.

"வகைன்னா?"

"ஹார்மோனால வளர்ற கட்டியா, ஒரு புரதம் கூடிப்போனதால வளர்ற கட்டியா, ரெண்டும் இல்லாததா? எடுத்த தசையிலேயே அத சோதிச்சுப் பாப்பாங்களே."

டீச்சர் உதட்டைப் பிதுக்கினாள்.

"எந்த நிலைன்னாவது சொன்னாங்களா? கட்டி எவ்வளவு பெரிசு? அக்குள்ல நெறி கட்டியிருக்கா?"

"செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"எங்க அக்கா."

கையில் உறை போட்டிருந்தவள் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க, நான் கொஞ்சம் குறுக்க வர்றேன்" என்றாள் நீச்சல்காரி. "டீச்சர், வகை தெரியாம கத்திய வைக்கக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லை. ஆனா சில வகைக்கு மொதல்ல மருந்து ஏத்திக் கட்டியச் சுருக்கிட்டு அப்புறம்தான் ஆபரேஷன். எனக்கு அப்படித்தான் பண்ணாங்க. மார்பு முழுசா எடுக்கணுமா, கட்டிய மட்டும் எடுத்தாப் போதுமாங்கிறதும் அதுல மாறலாம். உங்களுக்கு எதுன்னு எனக்குத் தெரியாது. கேக்கவேண்டியவங்க நீங்க. கேட்டீங்களா?"

"என்னை உள்ளயே விடலையே" என்றாள் டீச்சர்.

அதைச் சொன்னபோதுதான் அவளுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. இத்தனை நாளும் பயம் என்று நினைத்து மூடி வைத்திருந்ததைத் திறந்து பார்த்தால், உள்ளே பயம் ஒரு ஓரமாகத்தான் இருந்தது. மீதியெல்லாம் கோபம்.

கணக்கு மிஸ் விடவில்லை. "குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துதா? அம்மாவுக்கு?"

"அம்மா போனது இதயக் கோளாறுல. வேற யாருக்கும் இல்லை."

"அப்பா பக்கம்? நிறைய பேர் அம்மா பக்கத்த மட்டும்தான் யோசிப்பாங்க. அப்பா வழியாவும் வரும்மா."

"அப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்க. அத்தை. எங்களோடதான் இருந்தாங்க. சின்ன வயசுலயே காசநோயில போயிட்டாங்க."

"காசநோய்னு யார் சொன்னது?"

"அக்காதான்..." என்று ஆரம்பித்த டீச்சர் நிறுத்திவிட்டாள்.

சின்ன வயதில் அத்தை எப்போதும் அவளைத் தன் வலப்பக்கம்தான் படுக்க வைத்துக்கொள்வாள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் இடப்பக்கம் புரண்டு சாய்ந்தபோது, ரவிக்கைக்குள் உடம்பு இருக்கவேண்டிய இடத்தில் சுருட்டிய துணி இருந்தது. அதை அவள் இழுத்துப் பார்த்துவிட்டாள். அத்தை அடிக்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து அவளைப் பக்கத்தில் படுக்க விடவே இல்லை. இத்தனை வருஷமாக அந்தத் துணிக்கு அவள் மனத்தில் ஒரு அர்த்தமும் இருந்ததில்லை. காசநோய்க்கு யாரும் மார்பை எடுப்பதில்லை.

அவள் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். கணக்கு மிஸ் மேசைமேல் கையை நீட்டி அவள் கையைத் தொட்டார். "அப்ப உங்க அத்தைக்கு என்ன வயசு?"

"முப்பத்தஞ்சுகூட இருக்காது."

"அப்படின்னா நீங்க ஜீன் டெஸ்ட் பத்தியும் டாக்டர்கிட்ட கேக்கணும். ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. அந்த முடிவு, என்ன ஆபரேஷன் பண்றதுங்கிறதையே மாத்தலாம். உங்களுக்கு மட்டும் இல்லை, கூடப் பொறந்தவங்களுக்கும் அது தேவைப்படும்."

டீச்சர் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க?" என்றாள் நீச்சல்காரி.

"டாக்டர் சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருப்பார்."

"தனியா போவீங்களா, கூட வரவா?"

மானத்துக்குப் பயந்து வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் எடுத்தாள். "வாங்க" என்று வந்துவிட்டது. "ஆனா வழியில ஒரு கடையில நிக்கணும்."

* * *

கண்ணாடிக் கடையில் ஒரு வாடிக்கையாளர் சட்டத்தை மாட்டிக்கொண்டு முகம் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியைக் கண்டதும் கணவர் முகத்தில் பதற்றம். "வகுப்பு முடிஞ்சுதா? வீட்டுக்குப் போகலையா?"

வாடிக்கையாளர் போகும்வரை அவள் நின்றுகொண்டிருந்தாள். கதவு சாத்தியதும் கேட்டாள்.

"அன்னிக்கு உள்ள டாக்டர் என்ன சொன்னார்? முதல்லேர்ந்து சொல்லுங்க. அக்கா சொன்னது வேண்டாம். உங்க காதுல விழுந்தது."

அவர் துடைப்புத் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த ஒரு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "அது வந்து... மார்ப முழுசா எடுத்துடலாம்னார். அப்புறம் மருந்து."

"வகை என்னன்னு பாத்தாரா?"

"எடுத்த தசைய வேற ஒரு லேபுக்கு அனுப்பிப் பாக்கலாம், ஒரு வாரம் பத்து நாள் ஆகும், பாத்துட்டு முடிவு பண்ணலாமான்னு கேட்டார். அக்காதான்..." மென்று விழுங்கினார். "இழுத்தடிக்க வேண்டாம், சீக்கிரம் எடுத்துடுங்கன்னு சொன்னாங்க."

"நீங்க?"

"நான் தலையாட்டினேன்."

"குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேட்டாரா?"

"கேட்டார். யாருக்கும் இல்லைன்னு அக்கா சொன்னாங்க. உங்க குடும்பம், அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

டீச்சர் கல்லாப்பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு ஆளுக்குப் பார்வை குறைஞ்சுட்டா, அவங்க அக்காவ உட்கார வெச்சு எழுத்தப் படிக்கச் சொல்லி நம்பர் போடுவீங்களா நீங்க?"

அவர் துணியை நாலாக மடித்தார்.

"என் உடம்பப் பத்தி என்னைத் தவிர எல்லார்கிட்டயும் பேசியாச்சு. நீங்க நல்லவர், எனக்குத் தெரியும். ராத்திரி நான் தூங்கினதுக்கு அப்புறம் நீங்க எழுந்து போய்க் குளியலறையில அழறதும் தெரியும். அழறதுக்குப் பதிலா என்கிட்ட சொல்லியிருக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம்."

"பயந்துடுவேன்னு..." என்றார்.

"யாரு, நானா நீங்களா?"

கையிலிருந்த கண்ணாடியை அவர் கீழே வைத்தார். சட்டைக் கையால் தன் கண்களைத் துடைத்துக்கொண்டு, கடைச் சாவியை எடுத்தார். "எங்க போகணும்? நானும் வர்றேன்."

"வாங்க. ஆனா இந்தத் தடவை நீங்க வெளிய உட்காருங்க."

வாசலில் நின்றிருந்த நீச்சல்காரி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

* * *

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நல்ல கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். பார்வை டீச்சரைத் தாண்டிக் கதவுக்குப் போனது.

"வீட்டுக்காரர் வரலையா?"

"வந்திருக்கார். வெளிய இருக்கார். கட்டி எனக்குத்தான் டாக்டர்."

அவர் முகம் சற்று இறுகியது. "இவங்க யாரு?"

"எனக்கு முன்னாடி இதே வழியில போய்ட்டு வந்தவங்க" என்றாள் டீச்சர். நீச்சல்காரி வணக்கம் சொல்லிவிட்டு, ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் கடைசிவரை வாயே திறக்கவில்லை. திறக்காமல் அப்படி உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று டீச்சருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என் தசைய அந்த லேபுக்கு அனுப்பணும் டாக்டர். எந்த வகைன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் ஆபரேஷனப் பத்திப் பேசலாம்."

"இங்க பாருங்கம்மா, இதெல்லாம் இப்ப நீங்க யோசிக்க வேண்டியதே இல்லை. ஆளாளுக்கு ஏதாவது படிச்சுட்டு வந்து குழம்பிக்கிறீங்க. உங்க குடும்பத்துல பேசி முடிவு பண்ணியாச்சு."

"குடும்பத்துல நான் இல்லையா?"

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். "நோயாளிகிட்ட நேரடியாச் சொன்னா பயந்துடறாங்க. மனசு விட்டுடறாங்க. அதனால பொதுவா நாங்க பெரியவங்ககிட்ட..."

"டாக்டர், நான் தினமும் வண்டி ஓட்டத் தெரியாதவங்க பக்கத்துல உட்கார்ந்து நடு ரோட்டுல போறவ. பயம்னா என்னன்னு எனக்கு நீங்க சொல்லித் தரவேண்டாம். எதிர்ல லாரி வர்றது தெரிஞ்சாத்தான் என்னால எதையாவது செய்ய முடியும். கண்ணக் கட்டி உட்கார வெச்சா எனக்கு எதுக்குக் கண்ணு?"

அறையில் இருந்த நர்ஸ் மேசைமேல் ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"அந்த சோதனை வேண்டாம்னு சொன்னது யாரு? நானா?"

"உங்க அக்கா."

"எனக்கு அது தேவையில்லைன்னு நீங்க நினைச்சீங்களா?"

டாக்டர் யோசித்தார். பூசி மெழுகப் போகிறார் என்றுதான் டீச்சர் எதிர்பார்த்தாள். ஆனால் அவர், "தேவைன்னுதான் நினைச்சேன்" என்றார். "அதனாலதான் கேட்டேன். அவங்க அவசரப்பட்டாங்க. நானும் விட்டுட்டேன்."

"ஏன் விட்டீங்க? வராந்தாவுல பத்தடி தூரத்துல நான் உட்கார்ந்திருந்தேனே. எட்டிக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே."

சாக்கு எதையும் தேடி அவர் சிரமப்படவில்லை. அதை மட்டும் டீச்சர் அவர் கணக்கில் வரவு வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமைய ரத்து பண்றேன்" என்றார். "தசை இன்னிக்கே போகும். சில நாள் தள்ளிப்போறதால கட்டி உங்கள மீறி ஓடிடாது, அந்தப் பயம் வேண்டாம். அக்குளையும் சரியா ஸ்கேன் பண்ணிடலாம். வேற ஏதாவது கேக்கணுமா?"

"எங்க அத்தை, அப்பாவோட தங்கச்சி. அவங்களுக்கும் இதான் இருந்திருக்கும்னு நினைக்கிறேன். முப்பத்தஞ்சுக்குள்ள போயிட்டாங்க."

டாக்டர் நிமிர்ந்தார். இப்போது அவர் பார்வை கதவுக்குப் போகவில்லை. "உங்க அக்கா யாருக்கும் இல்லைன்னு..."

"சொன்னாங்க. தெரியும்."

"அது உண்மைன்னா மரபணுப் பரிசோதனை கட்டாயம் பேசவேண்டிய விஷயம். ஆபரேஷன் எப்படி, எவ்வளவுங்கிறதே மாறும். நினைக்கிறேன்னு சொன்னாப் போதாது. யாராவது தெரிஞ்சவங்ககிட்ட உறுதியாக் கேட்டுட்டு வாங்க. திங்கட்கிழமை காலைல வாங்க." ஒரு கணம் தயங்கி, "நேரா உள்ள வந்துடுங்க" என்றார்.

வெளியே கணவர் அதே நாற்காலியில், அதே விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, "என்ன சொன்னார்?" என்று கேட்டார். அவள் நின்று, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னாள். அன்றைக்கு அவளிடமும் யாராவது இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

* * *

அக்கா வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணவரையும் நீச்சல்காரியையும் வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு டீச்சர் மட்டும் உள்ளே போனாள். அக்கா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெளியில் எத்தனை பிள்ளைகளை அதட்டினாலும் வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளாதவள்.

"எங்கடி சுத்திட்டு வர்றே? உன்னை ரெஸ்ட் எடுக்கச் சொன்னேனா இல்லையா?"

"அக்கா, அத்தைக்கு என்ன நோய்?"

அக்காவின் கை நின்றது. "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? காசநோய்."

"இடப்பக்கம் துணி வெச்சிருந்தாங்க. நான் இழுத்துப் பாத்திருக்கேன்."

"குழந்தையில ஏதோ கனவு கண்டிருப்பே."

"நான் இன்னிக்கு டாக்டரப் பாத்துட்டு வர்றேன். ஆபரேஷன ரத்து பண்ணியாச்சு."

அக்கா திரும்பினாள். பள்ளி வராந்தாவில் அந்த முகத்தைக் கண்டால் எட்டாம் வகுப்பு முழுவதும் வாயை மூடிக்கொள்ளும். "யாரைக் கேட்டு ரத்து பண்ணினே?"

"என்னைக் கேட்டு."

இரண்டு பேரும் நின்றார்கள். முதலில் பார்வையைத் தாழ்த்தியது அக்கா. டீச்சர் இதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லை.

"அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கினார்" என்றாள் அக்கா. "வெளிய தெரிஞ்சா ரெண்டு பொண்ணுங்களையும் ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான்னார். அத்தையே வெளிய சொல்லலை. புண்ணாகி நாத்தம் வந்த அப்புறம்தான் எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் தூரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் எடுத்தாங்க. எடுத்தும் பிரயோஜனம் இல்லை. கட்டு மாத்தினதெல்லாம் நான்தான். அப்ப எனக்கு வயசு பத்தொன்பது. உனக்கு விவரம் தெரியாது, பாப்பா. அந்த அறைக்குள்ள நீ வந்துடக்கூடாதுன்னுதான் நான் கதவச் சாத்தி வெச்சேன்."

"சாத்தி வெச்சது சரிக்கா. அப்ப நான் குழந்தை." டீச்சர் ஒரு அடி முன்னால் வந்தாள். "ஆனா டாக்டர் கேட்டாரே. நேருக்கு நேர் கேட்டாரே, யாருக்காவது இருந்துதான்னு. நீ கையால கட்டு மாத்தினவ. வாய் கூசாம இல்லைன்னு சொன்னியே. அத்தைய நோய் மட்டும் கொல்லலை. யாருக்கும் சொல்லாதே, யாருக்கும் காட்டாதேன்னு இந்தக் குடும்பமும் சேர்ந்து கொன்னுது. அதே அறைக்குள்ள இப்ப என்னையும் தள்ளிக் கதவச் சாத்தப் பாத்தே."

"உன்னைக் காப்பாத்தத்தான்டி அவசரப்பட்டேன். சீக்கிரம் எடுத்துட்டா..."

"கத்தி வைக்கிறதுக்கு அவசரப்பட்டே. கேள்விக்குத்தான் உனக்குப் பயம். சோதனை வேண்டாம், அத்தைய சொல்ல வேண்டாம். எதுக்குக்கா? யார் கல்யாணம் நிக்கப்போகுது இப்ப?"

அக்கா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். துடைத்த கையை மறுபடி துடைத்தாள். முற்றத்துப் பக்கம் வண்டியின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. யாரும் உள்ளே வரவில்லை.

டீச்சர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கோபம் தீரவில்லை, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க இன்றைக்கு இனித் தெம்பு இல்லை.

"திங்கட்கிழமை காலைல நான் டாக்டர்கிட்ட போறேன்" என்றாள். "அத்தையப் பத்தி நீயே வந்து உன் வாயால சொல்லணும். எப்ப வந்துது, எப்படி இருந்துது, எல்லாம். உனக்கு மட்டும்தான் தெரியும்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அந்த முதுகைப் பார்த்துத்தான் டீச்சர் வளர்ந்தாள். அது இவ்வளவு ஒடுங்கிப்போனது எப்போது என்று தெரியவில்லை.

"வர்றேன்" என்றாள் அக்கா கடைசியில். "ஆனா உனக்குத் துணைக்கு வரலை, பாப்பா."

டீச்சருக்கு முதலில் சுருக்கென்றது. இவ்வளவுக்கு அப்புறமும் வீம்பா என்று வாய்வரை வந்துவிட்டது. அப்புறம்தான் அக்காவின் இடக்கை கண்ணில் பட்டது. அது தலைப்புக்கு உள்ளே, அக்குளுக்குக் கீழே, எதையோ மூடிப் பிடித்திருப்பதுபோல் அழுந்தியிருந்தது.

"எத்தனை நாளாக்கா?"

அக்கா குழாயைத் திறந்தாள். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த தம்ளரை எடுத்து, மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.